டேவிஸ் காஃபி ஹவுஸ்: மூன்றாம் வருடத்தில் வந்து சேர்பவர்களுக்காக ஒரு மதிப்புரை

யூசி டேவிஸில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம்) எங்கே சாப்பிடலாம் என்று யார் கேட்டாலும் மெமோரியல் யூனியன் கட்டடத்தில் இருக்கும் காஃபி ஹவுஸைத்தான் சொல்வேன். கம்யூனிட்டி காலேஜ் முடித்து மூன்றாம் வருடத்தில் அங்கே போய்ச் சேரப்போகிற பிள்ளை கேட்டால் இன்னும் அழுத்திச் சொல்வேன்: அங்கே சாப்பிடுங்கள், முடிந்தால் அங்கேயே வேலைக்கும் சேருங்கள். இந்த மதிப்புரையில் பாதி சாப்பாட்டைப் பற்றியது. மீதி, 5,300 ஏக்கர் வளாகத்தில் ஆள் பழக்கம் எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றியது. இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வராது. டேவிஸில் எனக்குக் கிடைத்த நல்ல நட்புகளில் பெரும்பாலானவை அந்தச் சமையலறையில் வெங்காயம் நறுக்கும் மேசையில் தொடங்கியவை.

நான் +2 வரை ஈரோட்டில் படித்தேன். அப்பாவுக்கு வேலை மாற்றம் வந்து சன்னிவேல் வந்தோம். முதல் இரண்டு வருடம் பக்கத்து ஊரான குப்பர்டினோவில் டி ஆன்சா கல்லூரி, அப்புறம் உணவு அறிவியல் படிக்க டேவிஸ். கலிஃபோர்னியாவில் இது ரொம்ப சாதாரணமான பாதை. 1960-இல் அந்த மாநிலம் போட்ட உயர்கல்வித் திட்டத்திலேயே இந்த வழி இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடம் படித்துவிட்டு, மதிப்பெண் இருந்தால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு வளாகத்தில் மூன்றாம் வருடத்தில் சேரலாம். மாநிலம் முழுக்க 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், கேட்ட தகுதி இருந்தால் இடம் நிச்சயம் என்று முன்கூட்டியே எழுதித் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூன்றும் அந்த ஏற்பாட்டில் இல்லை.

நம் குடும்பங்களில் இந்த வழியை எடுப்பவர்கள் பணக் கணக்கும் மதிப்பெண் கணக்கும் ரொம்ப நுணுக்கமாகப் பார்ப்பார்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை யூனிட் (பாட அலகு) மாறும், எந்த வளாகத்துக்கு எவ்வளவு ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) வேண்டும் என்றெல்லாம் எக்செல் போட்டு வைத்திருப்பார்கள். போய்ச் சேர்ந்தபின் மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பது மட்டும் எந்தக் கட்டத்திலும் இருக்காது. என்னிடம் இப்போது வாட்ஸப்பில் கேட்கிற அம்மாக்களும் அதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள்: "அவ்வளவு பெரிய கேம்பஸ்ல புள்ள தனியாப் போயிர மாட்டானா?"

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வேண்டுமென்றால் முதலில் சின்ன வளாகம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். டி ஆன்சா 112 ஏக்கர். வெளிவட்டம் முழுக்கக் கார் நிறுத்துமிடம், நடுவில் வகுப்பறைகள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தே போய்விடலாம். அதனால் ஒரே முகங்களைத் தினமும் பார்ப்போம். திங்கட்கிழமை கால்குலஸ் வகுப்பில் முன்வரிசையில் இருந்த பையன் புதன்கிழமை நூலகத்து வாசலில் எதிரே வருவான், ஒரு தலையசைப்பு, அடுத்த வாரம் ஒரு ஹாய், அதற்கடுத்த வாரம் வீட்டுப்பாடம் பற்றிப் பேச்சு. யாரும் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் அங்கே விடுதி கிடையாது. வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் வேலைக்கோ வீட்டுக்கோ போய்விடுவார்கள். பழக்கம் சீக்கிரம் உண்டாகும், மாலையோடு நின்றுவிடும். எனக்கு அங்கே தெரிந்தவர்கள் நிறைய. இரவு எட்டு மணிக்குக் கூப்பிடும் அளவுக்கு நெருங்கியவர்கள் கம்மி.

டேவிஸ் இதற்கு நேர் எதிர். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களிலேயே பரப்பளவில் பெரியது அதுதான். 1900-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தின் பண்ணையாக ஆரம்பித்து, 1959-இல் முழு வளாகமாக ஆனது. அந்த ஏக்கர்களில் பெரும்பகுதி இன்றும் வயலும் தோட்டமும் ஆராய்ச்சி நிலமும்தான். டெர்செரோ விடுதிப் பக்கம் மாட்டுத் தொழுவம் இருக்கிறது, காற்று திரும்பினால் அந்த வாசனை வகுப்பறை வரை வரும். (எனக்கு அது பிடிக்கும். ஈரோட்டில் தாத்தா வீட்டு வாசலில் நிற்பதுபோல் இருக்கும்.) மாணவர்கள் சுமார் 40,000 பேர். கட்டடங்கள் இருக்கும் நடுப்பகுதியே அகலமானது, அதற்குள் கார்களை விடுவதில்லை. எனவே எல்லோரும் சைக்கிள். நிலம் மட்டமாக இருப்பதால் சைக்கிள் ஓட்ட ரொம்ப சுகமான ஊர். அமெரிக்காவில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை முதன்முதலில் வரைந்ததும் அந்த ஊரில்தான், 1967-இல்.

அந்தச் சைக்கிள், ஆள் பழக்கத்தை எப்படி மாற்றுகிறது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வகுப்பு பத்து மணிக்குத் தொடங்கி 10:50-க்கு முடியும், அடுத்தது பதினோரு மணிக்கு. இடையில் பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் ஒரே நேரத்தில் கிளம்பும். பாதைகள் சந்திக்கும் இடங்களில் ரவுண்டானா இருக்கும். அதற்குள் நுழைந்துவிட்டால் நிற்க முடியாது. நின்றால் பின்னால் வருகிறவர் மேலே வந்து மோதுவார். காலை வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எதிரே வருவாள், அடையாளம் தெரிந்து நான் கையைத் தூக்குவதற்குள் அவள் வேறு கிளையில் திரும்பியிருப்பாள். டி ஆன்சாவில் தலையசைப்பு ஹாயாகி, ஹாய் பேச்சாகும். இங்கே தலையசைப்புக்கே நேரம் இல்லை. பெரிய வளாகத்தில் ஆட்கள் குறைவில்லை, சந்திப்புகளும் குறைவில்லை. அந்தச் சந்திப்புகள் நிற்க இடம் இல்லாமல் ஓடிவிடுகின்றன, அவ்வளவுதான்.

முதல் வருடமே சேர்ந்தவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. அவர்கள் செகுண்டோ, டெர்செரோ, குவார்ட்டோ விடுதிகளில் ஒரே தளத்தில் வருடம் முழுக்க இருந்து, ஒரே சாப்பாட்டுக்கூடத்தில் தட்டை வைத்து, நள்ளிரவில் தீ எச்சரிக்கை மணி அடித்தால் ஒன்றாக வெளியே வந்து நின்று பழகியவர்கள். மூன்றாம் வருடத்தில் வீடு எடுக்கும்போது அதே நாலு பேர் சேர்ந்து எடுப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை 40,000 பேர் என்பது ஒரு பொருட்டே இல்லை, தங்கள் தளத்து முப்பது நாற்பது பேர்தான் வளாகம். நாம் வரும்போது அந்தக் குழுக்கள் எல்லாம் கட்டி முடிந்திருக்கும். யாரும் கதவைச் சாத்துவதில்லை, நல்ல பிள்ளைகள்தான். அவர்களுக்குப் புதிதாக ஆள் தேவைப்படுவதில்லை. நமக்கோ தேவை. மூன்றாம் வருட லேப் வகுப்பில் "ஜோடி சேர்ந்துகொள்ளுங்கள்" என்று பேராசிரியர் சொன்ன நொடியில் அறை முழுக்க ஏற்கெனவே ஜோடியாகியிருப்பதைப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

இதோடு இருப்பிடத் தூரமும் சேரும். இப்படி மூன்றாம் வருடத்தில் மாறி வருகிற டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் பலர் நெடுஞ்சாலை 113-க்கு மேற்கே உள்ள வெஸ்ட் வில்லேஜிலோ, ஊருக்குள் அபார்ட்மென்ட்டிலோ தங்குவார்கள். மாலை ஏழு மணிக்கு நடுவளாகத்தில் ஏதாவது ஒரு கூட்டம் என்றால், குளிரில் சைக்கிளை எடுத்துத் திரும்பப் போக வேண்டுமா என்ற யோசனை வரும். டிசம்பர், ஜனவரியில் பள்ளத்தாக்கில் இறங்கும் மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் தெரியாது. குவார்ட்டர் என்கிற படிப்புப் பருவம் பத்து வாரம்தான். ஆறாவது வாரம் ஒருவர் பெயர் தெரிய வந்தால் பத்தாவது வாரம் வகுப்பே முடிந்துவிடும். அடுத்த குவார்ட்டரில் அவர் வளாகத்தின் மறுகோடியில் இருப்பார்.

சரி, காஃபி ஹவுஸுக்கு வருகிறேன்.

மெமோரியல் யூனியன் என்பது குவாட் என்று சொல்லும் பெரிய புல்வெளியின் ஓரத்தில் இருக்கும் கட்டடம். ஒரு பக்கம் புத்தகக் கடை, உள்ளே பவுலிங் விளையாடுமிடம், வெளியே பேருந்து நிலையம். காஃபி ஹவுஸ் அதன் தரைத்தளத்தில். அதை நடத்துவது பல்கலைக்கழகமும் இல்லை, வெளிக் கம்பெனியும் இல்லை. மாணவர் சங்கம் 1968-லிருந்து நடத்துகிறது. சமைப்பவர், பில் போடுபவர், மேசை துடைப்பவர், ஷிப்டை மேற்பார்வை பார்ப்பவர் எல்லோரும் படிக்கிற பிள்ளைகள். மேலே சில முழுநேர ஊழியர்கள் இருப்பார்கள். உள்ளே போனால் தனித்தனிக் கவுன்டர்கள்: காபியும் பேக்கரி வகைகளும் ஒன்றில், புரிட்டோ (மெக்சிக்கச் சுருள் ரொட்டி) ஒன்றில், பீட்சாத் துண்டு ஒன்றில், சாண்ட்விச், சாலட், நூடுல்ஸ், சூடான சாப்பாடு என்று வரிசையாக. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைசியில் ஒரே இடத்தில் பணம் கட்ட வேண்டும்.

சாப்பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது சூப்பும், பேகல் என்கிற வளைய ரொட்டியும். பெரும்பாலானவற்றை அங்கேயே முதலிலிருந்து செய்வார்கள், அது நாக்குக்குத் தெரியும். சூப் தினமும் மாறும், சைவத்தில் ஒன்றாவது அநேகமாக இருக்கும். பருப்பு சூப் இருக்கும் நாளில் கூடவே ஒரு ரொட்டி எடுத்துக்கொண்டால் நம் ஆட்களுக்கு அதுவே நிறைவான சாப்பாடு. காரம் போதாது என்பவர்கள் புரிட்டோ கவுன்டரில் இருக்கும் சல்சாவைக் கொஞ்சம் கேட்டு வாங்கிக் கலந்துகொள்ளுங்கள், நன்றாக இருக்கும். புரிட்டோ கனமானது, ஒன்று வாங்கினால் மதியம் பாதி, மாலை பாதி என்று எனக்கு வந்துவிடும். பீட்சா சுமாருக்குக் கொஞ்சம் மேல். விலை, வளாகத்தின் மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் மாணவர் கைக்கு எட்டும் விலை. லாபத்துக்காக நடத்தாததால் அது முடிகிறது. முழு சைவமும், முட்டை பால் தொடாதவர்களும் பயமில்லாமல் சாப்பிடலாம், கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். சொல்கிற பிள்ளை காலையில் அதைச் செய்த பிள்ளையாகவே இருக்கும் என்பதால் பதில் சரியாகவும் இருக்கும்.

ஆனால் வெறும் சாப்பாட்டுக்காக இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். நான் அங்கே சமையலறையில் சேர்ந்தது முதல் குவார்ட்டரின் நடுவில். காலை ஷிப்ட். விடிவதற்குள் சைக்கிளில் கிளம்பி, முடியை வலைக்குள் அடக்கி, ஏப்ரன் கட்டி, கையை முழங்கை வரை கழுவி உள்ளே போனால் சூப் கொப்பரைகளில் ஆவி வந்துகொண்டிருக்கும். என் இடம் நீள ஸ்டீல் மேசையின் இடது முனை. பெரிய பிளாஸ்டிக் தொட்டி நிறைய வெங்காயம், கத்தி பிடிக்காத கையில் வெட்டுப்படாத உறை. எதிரே ஃபிரெஸ்னோவிலிருந்து வந்த ஒரு பெண், அவளும் டிரான்ஸ்ஃபர், மரபியல் படிப்பவள். பக்கத்தில் முதல் வருடத்திலிருந்தே அங்கே இருக்கும் ஒரு மெக்சிக்கப் பையன், அவன்தான் ஷிப்ட் மேற்பார்வை. சூடான தட்டைத் தூக்கிக்கொண்டு யார் பின்னால் கடந்தாலும் "பிஹைண்ட்!" என்று சத்தம் போட்டுத்தான் கடக்க வேண்டும். வாய் திறக்காமல் ஒரு ஷிப்டும் முடியாது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம், பேச வேண்டியதை வேலையே கொடுத்துவிடும்: அந்தக் கிண்ணத்தை நகர்த்து, கேரட் எத்தனை கிலோ, அடுப்பைக் குறை. அதிலேயே ஒரு வாரம் ஓடிவிடும். அப்புறம் அடுப்பை விட்டு மற்ற விஷயங்களுக்குப் பேச்சு தானாக நகரும்.

ஒரு நாள் இடைவேளையில் அம்மா கொடுத்துவிட்ட எள்ளுப் பொடியை, வெண்ணெய் தடவிய பேகலில் தூவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஃபிரெஸ்னோப் பெண் என்ன அது என்று கேட்டு ஒரு கடி வாங்கினாள். மறுவாரம் மேற்பார்வைப் பையன் தன் வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் மிளகாய் வறுத்து அரைத்த சல்சா கொண்டுவந்து என் பேகல் பக்கத்தில் வைத்தான். இரண்டையும் கலந்தும் பார்த்தோம், வேண்டாம், தனித்தனியாகத்தான் நல்லது. போனில் அம்மாவிடம் சொன்னதும் "எத்தன பேரு கண்ணு இருக்கீங்க அங்க? எல்லாருக்கும் சேத்து இடிச்சுத் தாரேன்" என்றார். அதன்பின் சன்னிவேலிலிருந்து வரும் பொடி டப்பா பெரிதாகிவிட்டது.

இதைச் சொல்வதன் காரணம் இருக்கிறது. நட்பு உண்டாக ஒரே ஆட்களை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். சின்ன வளாகத்தில் நிலமே அதைச் செய்து கொடுக்கும். பெரிய வளாகத்தில் நிலம் செய்யாது, ஒரு அட்டவணை செய்ய வேண்டும். காஃபி ஹவுஸ் ஷிப்ட் அட்டவணை என் டேவிஸை 5,300 ஏக்கரிலிருந்து ஒரு ஸ்டீல் மேசை அளவுக்குக் கொண்டுவந்தது. இன்னொன்று அதைவிட முக்கியம்: அங்கே அவர்களுக்கும் நான் தேவைப்பட்டேன். யாருக்காவது மிட்டர்ம் பரீட்சை வந்தால் ஷிப்ட் மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்குப் போன் நம்பர் வேண்டும். என் நம்பர் அங்கே முதல் வாரத்திலேயே பத்துப் பதினைந்து பேரிடம் போய்விட்டது. வகுப்பில் குவார்ட்டர் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு என் நம்பர் எதற்கு? உதவி கேட்க வருகிற ஆளிடம் நாமும் உதவி கேட்கலாம், அடுத்த படி காபி குடிக்கக் கூப்பிடலாம். கிளப்களில் இது அமைவது கொஞ்சம் கடினம். இலையுதிர் காலத் தொடக்கத்தில் குவாடில் கிளப்கள் எல்லாம் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும், நாமும் பெயர் எழுதிக் கொடுப்போம், மெயில் வந்துகொண்டே இருக்கும். அங்கே நாம் போகாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஷிப்டுக்குப் போகாவிட்டால் பத்து நிமிடத்தில் போன் வரும். அந்தப் போன் வருவது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதைப் புதிய இடத்தில் தனியாக இருந்தவர்கள் அறிவார்கள்.

சமையலறை பிடிக்காதவர்களுக்கு இன்னொரு நல்ல இடம் யூனிட்ரான்ஸ். அந்த ஊரின் சிவப்புப் பேருந்துகள். அதுவும் மாணவர் சங்கத்தின் பெயரில் 1968-இல், லண்டனிலிருந்து வாங்கிய இரண்டு பழைய இரட்டை மாடிப் பேருந்துகளோடு தொடங்கியது. இன்று வளாகத்துக்கும் ஊர் முழுமைக்கும் அதுதான் பேருந்து. ஓட்டுநர்கள் மாணவர்கள், பேருந்து ஓட்டுவதற்கான உரிமம் வாங்கும் வரை பயிற்சி அவர்களே கொடுக்கிறார்கள். இளநிலை மாணவர்கள் அடையாள அட்டையைக் காட்டி ஏறலாம், கட்டணம் ஏற்கெனவே கல்லூரிக் கட்டணத்தில் சேர்ந்திருக்கும். தடங்களுக்கு எழுத்துகள்தான் பெயர். பி (P), கியூ (Q) இரண்டும் மெமோரியல் யூனியனிலிருந்து கிளம்பி ஊரைச் சுற்றி வரும், ஒன்று வலமாக, ஒன்று இடமாக. வெஸ்ட் வில்லேஜ் போகும் வி (V), வளாகத்தின் இன்னொரு பேருந்து நிலையமான சைலோவிலிருந்து. வீடு பார்க்கும்போது வாடகைக்கு அடுத்தபடி இதைத்தான் பார்க்க வேண்டும்: உங்கள் வீட்டு வாசல் பேருந்து இந்த இரண்டு நிலையங்களில் எதற்குப் போகிறது, இரவில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, சனி ஞாயிறு எப்படி. கடைசி வண்டியின் நேரம்தான் உங்கள் மாலைப் பொழுதின் நீளம். நான் மழை நாட்களில் ஒரே வண்டியில் போய்வந்ததில் இரண்டு மூன்று முகங்கள் பழக்கமாயின. சைக்கிளில் இது நடக்காது, பேருந்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் இருக்கிறதே.

விசா விஷயம் ஒன்று, நம் ஆட்களுக்காகவே எழுதுகிறேன். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவர்கள் வகுப்பு நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நான் அப்படித்தான் செய்தேன். அப்பா அம்மாவின் எச்-1பி வேலை விசாவை ஒட்டி எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. அவர்கள் அதற்கு ஈடாக, வாராவாரம் கட்டாயம் ஆஜராக வேண்டிய ஏதாவதொன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: நடனக் குழு, இசைக் குழு, ஆராய்ச்சிக் கூடத்தில் பாடத்துக்கான யூனிட் வாங்கிக்கொண்டு செய்யும் வேலை. நீங்கள் வராவிட்டால் நாலு பேர் காத்திருக்கும்படியான இடமாக இருக்க வேண்டும். பெயர் மட்டும் எழுதிவைக்கும் இடம் பயன்படாது.

அதேபோல் வார இறுதி. டேவிஸ் ரயில் நிலையம் வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேப்பிட்டல் காரிடார் ரயிலில் ஏறினால் பெர்க்லி, ஓக்லண்ட், ஃபிரீமான்ட் வழியாக சான் ஹோசே வரை வந்துவிடலாம். பே ஏரியாத் (சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பகுதி) தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம், பெரிய இழுப்பும் கூட. வெள்ளிக்கிழமை ரயில் ஏறி, சனிக்கிழமை லிவர்மோர் கோயில், ஞாயிறு இட்லி மாவோடு திரும்பினால் மனசுக்கு இதம்தான். ஆனால் டேவிஸில் ஆட்கள் ஆட்களோடு உட்கார்ந்து பேசுவது வார இறுதியில்தான். சனிக்கிழமை காலை சென்ட்ரல் பார்க்கில் உழவர் சந்தை, ஏப்ரலில் 1909-லிருந்து நடக்கிற பிக்னிக் டே, மே மாதம் குவாடில் திருவிழா, எல்லாம் சனி ஞாயிறில். பெற்றோர்களிடம் நான் மரியாதையோடு கேட்டுக்கொள்வது இதுதான்: முதல் குவார்ட்டரில் பிள்ளையை வாராவாரம் வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். நீங்கள் போய்ப் பாருங்கள். மாவும் பொடியும் நீங்களே கொண்டுபோங்கள், கூடவே நாலு பேருக்குச் சேர்த்து.

வேறு வளாகம் யோசிப்பவர்கள் ஏக்கர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏ 419 ஏக்கர்தான், ஆனால் மாணவர் எண்ணிக்கை டேவிஸைவிட அதிகம். நெரிசலான இடம், நடந்தே போவதால் எதிர்ப்படுவோர் அதிகம். சாண்டா குரூஸ் சுமார் 2,000 ஏக்கர், காடும் மேடும். ஆனால் அதைப் பத்துச் சிறு கல்லூரிகளாகப் பிரித்து ஒவ்வொரு மாணவரையும், டிரான்ஸ்ஃபர்களையும் சேர்த்து, ஏதாவது ஒரு கல்லூரியோடு இணைத்துவிடுகிறார்கள். அர்வைனில் நடுவில் ஆல்டிரிச் பூங்கா, அதைச் சுற்றி வட்டமாக ஒரு நடைபாதை, அந்த வட்டத்தை ஒட்டி முக்கியக் கட்டடங்கள். நடக்கிறவர்கள் எல்லோரும் அந்த வளையத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். மெர்செட் மாணவர் எண்ணிக்கையில் சிறியது, முகம் சீக்கிரம் பழகும். கூச்சம் ரொம்ப அதிகம் என்கிற பிள்ளைக்கு நான் மெர்செட்டையோ சாண்டா குரூஸையோதான் முதலில் சொல்வேன். தானாக ஒரு இடத்தைத் தேடிப் பிடிக்கிற தெம்பு இருந்தால் டேவிஸ். அங்கே மாணவர்களே நடத்தும் இடங்கள் இவ்வளவு இருப்பது டிரான்ஸ்ஃபர்களுக்குப் பெரிய பலம் என்பது என் உறுதியான கருத்து. பைக் பார்ன் என்று சைக்கிள் பழுதுபார்க்கும் கடைகூட மாணவர் சங்கம் நடத்துவதுதான்.

வளாகம் பார்க்கப் போகிறவர்கள் வழிகாட்டிச் சுற்றுலாவோடு திரும்பிவிடாமல் ஒரு வேலைநாளில் மதியம் பன்னிரண்டு மணிக்கு காஃபி ஹவுஸில் உட்காருங்கள். அந்த நேரத்தில் வகுப்புகள் ஒன்றாக விடுவதால் வரிசை நீளும், மேசை கிடைக்கத் தாமதமாகும். சாப்பாடு மட்டும் நோக்கம் என்றால் 11:30-க்குள் போய்விடுங்கள். ஆட்களைப் பார்ப்பது நோக்கம் என்றால் பன்னிரண்டுதான் சரி. வேலைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்கும் வரை காத்திருக்காமல், சேர்க்கை உறுதியான கோடையிலேயே மாணவர் சங்கத்தின் வேலை அறிவிப்புகளைப் பார்க்கத் தொடங்கலாம். காலை ஷிப்ட் கேளுங்கள். பலர் தூக்கத்துக்குப் பயந்து அதை விரும்ப மாட்டார்கள், ஆள் குறைவாக இருப்பதால் பேச்சுக்கு இடம் கிடைக்கும். கோடையிலும் விடுமுறையிலும் திறந்திருக்கும் நேரம் குறையும், பார்த்துக்கொண்டு போங்கள்.

காபி பற்றிக் கேட்பீர்கள். டிகாக்ஷனுக்குப் பழகிய நாக்குக்கு அமெரிக்க டிரிப் காபி எங்கேயும் தண்ணியாகத்தான் இருக்கும். எஸ்பிரெசோ இரண்டு ஷாட் வாங்கி, சூடான பாலைத் தனியாகக் கேட்டு, சர்க்கரை போட்டு நீங்களே கலந்துகொள்ளுங்கள். கவுன்டரில் இருக்கும் பிள்ளை எதற்கு என்று கேட்டால் அவருக்கும் ஒன்று கலந்து கொடுங்கள்.